கொஞ்சம் குறைச்சுக்குங்க

சாரா பெர்னாரின் நடிப்பு எனக்குப் பிடிக்காது என்று பல வருஷம் சொல்லித் திரிந்திருக்கிறேன். நாடகப் பட்டறைகளில் சொன்னேன், சிறுபத்திரிகையில் எழுதினேன், டீக்கடை வாசலில் நின்று வாதாடினேன். 1923இல் பாரிஸில் செத்துப்போன ஒரு பிரெஞ்சுக்காரியின் மேடை நடிப்பை மதுரைப் பக்கத்து ஆளான நீ எங்கே பார்த்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் 1912இல் எடுத்த ஊமைப்படத்தைச் சொல்லியிருப்பேன். இங்கிலாந்து ராணி எலிசபெத்தாக அதில் வருகிறார். இரண்டு கையும் வானத்துக்கும் பூமிக்குமாக ஏறி இறங்கும். கடைசியில் தரையில் குவித்து வைத்த மெத்தைகள் மேல் குப்புற விழுந்து சாவார். பட்டறைப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டி, “இப்படித்தான் நடிக்கக் கூடாது” என்பேன். சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. படம் எடுத்தபோது அவருக்கு அறுபத்தேழு வயது என்பதையோ, முழங்கால் கெட்டு, பிடிமானம் இல்லாமல் நடக்கச் சிரமப்பட்டார் என்பதையோ நான் சொன்னதில்லை. உலகம் அவரை அவருடைய குரலுக்காகக் கொண்டாடியது. ‘பொற்குரல்’ என்றுதான் பிரான்ஸில் அவருக்குப் பெயர். அந்தக் குரலைப் பிடுங்கிவிட்டு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு நான் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை ரசனை என்று சொல்லிக்கொண்டேன். அடியில் இருந்தது பொறாமையும் இளக்காரமும். அவை சாராவின் மீதுகூட இல்லை. உயிரோடிருக்கிற, எங்கள் பக்கத்து ஒரு பெண்ணின் மீது. சாராவை நான் அதற்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டேன்.

முதலில் சாரா. அவர் 1844இல் பாரிஸில் பிறந்தார். தேதி உறுதியில்லை, 1871இல் பாரிஸ் நகரமன்றம் எரிந்தபோது பதிவேடுகளும் சாம்பலாயின. தாய் ஹாலந்திலிருந்து வந்த யூதப் பெண், பணக்காரர்களின் தயவில் வாழ்ந்தவர். தகப்பன் யார் என்று இன்றுவரை தீர்மானமில்லை. குழந்தையைப் பிரிட்டனிப் பக்கம் ஒரு தாதியிடம் விட்டார்கள், பிறகு வெர்சாயில் ஒரு கன்னிமாடத்தில் சேர்த்தார்கள். பெண் வளர்ந்ததும் இவளை என்ன செய்வது என்று வீட்டில் கூடிப் பேசியபோது, தாயின் வீட்டுக்கு வந்துபோகிற மோர்னி பிரபு, நாடகப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்றாராம். மோர்னி, பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு ஒரே தாய் வயிற்றுச் சகோதரர். அவர் சொன்னால் கதவு திறக்கும். திறந்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். ‘ஓ, அப்படி வந்தவளா.’ எங்கள் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் போடுகிற பெண்களைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சு எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன். உலக நாடக வரலாறு படித்த பிறகும் என் சிரிப்பு அந்தத் திண்ணையிலேயேதான் உட்கார்ந்திருந்தது.

1862இல் சாரா கொமெதி ஃபிரான்சேஸ் மேடையில் முதல்முறை ஏறினார். பயத்தில் சொதப்பினார், விமர்சகர்கள் பெரிதாக மதிக்கவில்லை. அடுத்த வருஷமே வேலை போனது. மோலியேர் பிறந்தநாள் விழாவில் சாராவின் குட்டித் தங்கை, ஒரு மூத்த நடிகையின் நீண்ட பாவாடைத் தொங்கலை மிதித்துவிட்டாள். அந்தம்மா பிடித்துத் தள்ளியதில் குழந்தைக்கு அடி. சாரா போய் அந்த மூத்த நடிகையின் கன்னத்தில் அறைந்தார். மன்னிப்புக் கேள் என்றார்கள். கேட்கவில்லை, வெளியே போனார். இருபது வயதில் கல்யாணமாகாமல் ஒரு மகனைப் பெற்றார். அவனைச் சாகும்வரை தலையில் வைத்துத் தாங்கினார்; அவன் கடனையும் தாங்கினார். ஒதியோன் தியேட்டரில் சேர்ந்து, 1869இல் கோப்பே எழுதிய ஒரு ஓரங்க நாடகத்தில் பாட்டுக்காரப் பையன் வேஷம் கட்டிப் பெயர் வாங்கினார். மறு வருஷம் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது அந்த தியேட்டரையே காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக்கி, அங்கேயே தங்கிக் கட்டுப்போட்டார்.

என் பேச்சில் இதெல்லாம் வராது. என் பேச்சுக்கு வேறு ஊறுகாய் இருந்தது: சவப்பெட்டி, வளர்த்த சிறுத்தை, வெட்டிய கால்.

சவப்பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருக்கும் அந்தப் புகைப்படத்தைப் போட்டால் எந்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்காரும். தங்கை ரெஜின் காசநோயில் சாகக்கிடந்தபோது, அந்த அறையில் இன்னொரு படுக்கைக்கு இடமில்லாமல் தான் அந்தப் பெட்டியில் படுத்ததாக 1907இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சாரா சொல்கிறார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தன்னைப் பற்றி அவர் சொன்ன எதையுமே அப்படியே நம்ப வேண்டியதில்லை. விளம்பரத்தை அவர் அளவுக்குப் புரிந்துகொண்ட நடிகர் அந்தக் காலத்தில் வேறு யாருமில்லை. ஆனால் நான் நம்பிக்கைப் பிரச்சினையால் அந்தத் தங்கையை விட்டுவிடவில்லை. சாகிற தங்கை உள்ளே வந்தால் கூட்டம் சிரிக்காது.

வெட்டிய கால் கதை இன்னும் மோசம். காலை எடுத்த பிறகு, அந்தக் காலைக் காட்சிக்கு வைக்க அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் பத்தாயிரம் டாலர் தருகிறேன் என்று தந்தியடித்ததாக ஒரு கதை உண்டு. சாரா திருப்பிக் கேட்டாராம், ‘எந்தக் கால் வேண்டும்?’ என்று. எத்தனை மேடையில் இதைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருப்பேன்! சாராவுக்குக் காலை எடுத்தது 1915 பிப்ரவரியில், போர்தோவில். பார்னம் 1891லேயே செத்துப்போனவர். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்க விருப்பமில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அது தெரிந்தே செய்தது.

1881 கடைசியில் சாரா மாஸ்கோவுக்கு வந்தார். அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இருபத்தோரு வயதுப் பையன் ஒருவன் அவரைப் பற்றிப் பத்திரிகையில் இரண்டு கட்டுரை எழுதினான். பையனின் பெயர் அன்டன் செகாவ். பெருமூச்சு, கண்ணீர், சாகும்போது வருகிற துடிப்பு எல்லாமே கெட்டிக்காரத்தனமாக மனப்பாடம் செய்த பாடம். பொறி இல்லை, உள்ளத்தைத் தொடவில்லை என்பது அவன் தீர்ப்பு. இதை நான் என் கட்டுரையில் எடுத்துப்போட்டேன். செகாவே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? நவீன நாடகக்காரனுக்கு செகாவ் வாக்கு வேதவாக்கு.

அதே எழுத்தில் செகாவ் இன்னொன்றும் சொல்கிறார். அந்த உழைப்பைக் கண்டு பொறாமைப்பட்டதாக, அதன் முன் மரியாதையோடு தலைவணங்கியதாக. ருஷ்ய நடிகர்களின் சோம்பலை அதோடு ஒப்பிட்டுத் திட்டவும் செய்கிறார். இந்தப் பாதி எனக்குத் தெரியாமல் போகவில்லை. படித்தேன். பென்சிலால் கோடுகூட போட்டிருந்தேன். கட்டுரையில் மட்டும் விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன்? அந்தக் கட்டுரையை நான் எழுதியது சாராவைப் பற்றி அல்ல என்பதால்.

அதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்கள் குழு யூரிப்பிடிஸின் டிராய் பெண்கள் நாடகத்தைத் தமிழில் போடத் தயாராகிக்கொண்டிருந்தது. போரில் புருஷனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த கிழ ராணி ஹெக்குபா, நாடகம் முழுக்க மேடையில் இருந்து புலம்ப வேண்டும். எங்கள் குழுவில் கல்லூரிப் பெண்கள்தான். அவர்கள் அழுதால் பரீட்சையில் தோற்ற அழுகைபோல் இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது, நல்ல யோசனைதான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் போடுகிற ஒரு அக்காவைப் பேசி அழைத்துவந்தேன்.

ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். திருவிழாவுக்குத் தேதி பேசி, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த வள்ளி திருமணம் எல்லோருக்கும் பாடம். மற்றதெல்லாம் அந்த நேரத்து வாய். வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினால் ஒரு மணி, ரெண்டு மணி நேரம்கூடப் போகும். தூங்குகிற கூட்டத்தை விடிய விடிய எழுப்பி உட்காரவைக்க வேண்டும்.

அந்த அக்கா ஒத்திகைக்கு வந்த முதல் நாள் ஜரிகைச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சுருதி எங்க தம்பி?” என்றார். எங்களிடம் சுருதிப் பெட்டி இல்லை. நாங்கள் கறுப்பு பேன்ட்டும் கறுப்பு பனியனும் போட்டுத் தரையில் உருண்டுகொண்டிருந்தோம். யாரோ சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு தினமும் அவரிடம் நான் சொன்னது ஒன்றே: “கொஞ்சம் குறைச்சுக்குங்கக்கா.” குரலைக் குறையுங்கள், கையைக் குறையுங்கள், பவுடரைக் குறையுங்கள். பவுடர் போடாமல் மேடையேறுவது கூட்டத்தை மதிக்காதது மாதிரி இருக்குமே என்றார். குரலுக்கு அவர் சொன்ன பதில் இன்னும் எளிமையானது. “கடைசியில உக்காந்திருக்கிறவுகளுக்குக் கேக்கணும்ல தம்பி?”

பாரிஸில் 1899இல் சாரா குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரை வைத்த தியேட்டரில் சுமார் 1,700 பேர் உட்காரலாம். மைக் இல்லாத காலம். பேசியது பன்னிரண்டு அசைகொண்ட ராசீனின் செய்யுள் வரிகள். அதை வீட்டுக் கூடத்தில் பேசுவதுபோல் பேசினால் ஐந்தாவது வரிசையோடு நாடகம் முடிந்துபோகும். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் பதிவான அவருடைய குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு நடுக்கத்தோடு இழுத்துப்போகிற குரல். நம் மேடையில் வசனத்திலிருந்து விருத்தத்துக்குத் தாவுகிற இடத்தைக் கேட்டவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. எனக்கு அந்நியமாக இருந்தது என்றால், நான் என் காதை எங்கோ அடகு வைத்திருந்தேன்.

டிராய் பெண்கள் முதல் காட்சி மதுரையில் ஒரு திறந்தவெளி அரங்கில். பாதியில் மின்சாரம் போனது. மைக் செத்தது. பின்னால் விசில், சத்தம். எங்கள் பிள்ளைகள் தடுமாறிப் போனார்கள். அக்கா எழுந்தார். ஒத்திகை முழுக்க நான் மூடிவைத்த குரலைத் திறந்தார். பேரப்பிள்ளையின் பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு, எங்கள் மொழிபெயர்ப்பு வசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒப்பாரியில் இறங்கினார். பெட்ரோமாக்ஸ் வந்து சேர்கிறவரை ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் கைத்தட்டல். நவீன நாடகத்தில் நடுவில் கைதட்ட மாட்டார்கள், தட்டினார்கள்.

அந்த நாடகத்தில் நானும் இருந்தேன். குழந்தையைக் கொல்லக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு கொண்டுவரும் கிரேக்கத் தூதன் நான். இரக்கமும் கடமையும் மோதுகிற வேஷம். ஒரு வருஷம் உழைத்திருந்தேன். மறுநாள் யாரும் அந்தத் தூதனைப் பற்றிப் பேசவில்லை.

குழுக் கூட்டத்தில் நான் சொன்னேன், “மிகை நடிப்பு கூட்டு உழைப்பைக் கெடுக்கிறது. இது ஒருத்தருடைய கச்சேரி இல்லை.” அடுத்த காட்சியில் ஒப்பாரியைப் பாதியாக வெட்டினேன். அவரை மேடையின் பின்பக்கத்துக்குத் தள்ளினேன். வெளிச்சம் அவர் முகத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கும் ஒரு கலைக்கோட்பாடு வைத்திருந்தேன். அதற்கடுத்த காட்சிக்குத் தேதி சொல்கிறோம் என்றேன். சொல்லவில்லை. அது பங்குனி, சித்திரை. அவருக்கு வருஷச் சோறு வருகிற சீசன். எங்களுக்காகத் தேதிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்கு நாங்கள் ஈடு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, அவருக்கு நாடகத் தேதிகள் நெருக்கம், அதனால் வர முடியவில்லை என்றேன். அச்சில் வந்தது. கட்டுரையையும் அதே மாதத்தில்தான் எழுதினேன். தலைப்பு: ‘ஆடம்பர நடிகை சாரா பெர்னாரும் நவீன நாடகமும்’.

2023இல் சாராவின் நூற்றாண்டு நினைவுக்கு ஒரு பத்திரிகை கட்டுரை கேட்டது. பழைய சரக்கையே கொஞ்சம் தட்டிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வயதாகிவிட்டது, ஆதாரம் பார்க்காமல் எழுதப் பயம். முழுதாகப் படித்தேன். படிக்கப் படிக்க, சாராவைவிட அவரைச் சுற்றி நின்றவர்கள்தான் கண்ணில் பட்டார்கள். கூட இருந்து நடித்து, 1883இல் அவரைக் கேவலப்படுத்தி ஒரு புத்தகமே எழுதிய மரி கொலொம்பியே. மறுபடியும் சேர்ந்திருந்த கொமெதி ஃபிரான்சேஸை விட்டு 1880இல் வெளியேறியதற்காக ஒரு லட்சம் பிராங்க் கட்டச் சொன்ன தீர்ப்பு. பெர்னார்ட் ஷா. 1895இல் லண்டனில் சாராவும் இத்தாலிய நடிகை எலெயொனோரா தூசேவும் ஒரே நாடகத்தை அடுத்தடுத்துப் போட்டபோது, ஷா தூசேயைத் தலையில் தூக்கி, சாராவைக் கீழே போட்டார். தூசே அடங்கிய நடிப்பு, ஒப்பனை குறைவு. எங்கள் கட்சி. பின்னாளில் ஷா ஒப்புக்கொண்டாராம், சாரா அச்சு அசலாகத் தன் அத்தை ஒருத்தி மாதிரியே இருந்ததால் தன்னால் நியாயமாக எழுத முடியவில்லை என்று. விளையாட்டாகச் சொன்னதாக இருக்கலாம். எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1897இல், தூசே பாரிஸில் நடிக்க வந்தபோது தியேட்டர் கொடுத்தது யார்? சாரா. தன் ரெனேசான்ஸ் தியேட்டரைத் திறந்துவிட்டார். அதில் வெறும் பெருந்தன்மை மட்டும் இருந்திருக்காது. சாராவுக்குக் கணக்குத் தெரியும், பொறாமையும் தெரியும். இருந்தும், தனக்கே பெயர் வாங்கித்தந்த ‘கமீலியா சீமாட்டி’ வேஷத்தைத் தன் மேடையிலேயே போட்டியாளர் போடவிட்டு, பார்க்கவும் வந்தார். நான் செய்ததோடு இதை வைத்துப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

சாராவிடம் குறையில்லை என்று இப்போது எதிர்ப்பக்கம் சாயவும் விருப்பமில்லை. நாடகாசிரியர் சார்து அவருக்கென்றே தைத்துக்கொடுத்த நாடகங்களில் பெரும்பாலானவை இன்று யாரும் எடுத்துப் போடாதவை. இப்சன் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் விஷக் குப்பியோடும் குத்துவாளோடும் செத்துக்கொண்டிருந்தார். பணத்தைத் தண்ணீராய் விட்டார். கல்யாணம் செய்துகொண்ட கிரேக்கன் தமாலா மார்ஃபின் அடிமை. அவனுக்கு நடிப்பு வராது என்று தெரிந்தும் கதாநாயகனாக நிறுத்தினார். ஆனால் வேலைக்கு அஞ்சியதில்லை. 1906இல் அமெரிக்காவில் தியேட்டர் முதலாளிகளின் கூட்டணி அவருக்குக் கதவடைத்தபோது டெக்சாஸில் சர்க்கஸ் கூடாரம் போட்டு நடித்தார். ஐம்பத்தைந்து வயதில் நெப்போலியனின் இளம் மகனாக வேஷம் போட்டார். ஒரு காலை எடுத்த பிறகு, பல்லக்கு நாற்காலியில் சுமக்கவைத்துக்கொண்டு போர்முனைக்குப் போய்ச் சிப்பாய்களுக்கு நடித்துக் காட்டினார். சாகும்போதும் வீட்டிலேயே கேமராவை வரவழைத்து ஒரு படத்தில் நடித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் யூதர் என்பதால், பின்னாளில் பாரிஸைப் பிடித்த நாஜிகள் தியேட்டரிலிருந்து அவர் பெயரைக் கழற்றினார்கள்.

அந்த நூற்றாண்டுக் கட்டுரையை நல்லபடியாகத்தான் எழுதினேன். பாராட்டினார்கள். பாராட்டு வந்தபோதுதான் கூசியது. செத்து நூறு வருஷமான பிரெஞ்சு நடிகையிடம் மன்னிப்புக் கேட்பதில் எனக்கு ஒரு செலவும் இல்லை. அவர் பதில் சொல்ல மாட்டார். புதுக்கோட்டைக்கு ஒரு பஸ் டிக்கெட் வாங்குவது அப்படியல்ல.

அக்கா இருக்கிறார். இப்போது வேஷம் கட்டுவதில்லை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்வி. எங்கள் குழுவின் வெள்ளிவிழா மலரில் டிராய் பெண்கள் நாடகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினோம். ஹெக்குபாவாக நடித்தவர் என்று அவருக்குப் பிறகு வந்த கல்லூரிப் பெண்ணின் பெயர்தான் அதில் இருக்கிறது. பிழைதிருத்தியது நான். இந்தக் கட்டுரையிலாவது அவர் பெயரைப் போட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அவரைக் கேட்காமல் போடக் கூடாது என்று தோன்றியது. கேட்பதற்கு நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் போன் பண்ணவில்லை.